பார்வைமுனையில் அரைமணி, திராட்சைப் படியில் அரை நிமிடம்

போன செப்டம்பரில் அம்மாவை மதீராவுக்கு அழைத்துப் போயிருந்தோம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்க்க ஃபிராங்க்ஃபர்ட் வந்திருந்தார். மூன்று மாத விசா. பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஊருக்குத் திரும்புவதற்குள் கடலும் மலையும் சேர்ந்த ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்து, அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அந்தப் போர்த்துகீசியத் தீவுக்கு டிக்கெட் போட்டோம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மதீராவின் புகழ்பெற்ற மலை நடைபாதைகள் அவருக்கு ஆகாது. அதனால் அரைநாள் ஜீப் சுற்றுலா ஒன்றைப் பிடித்தோம். காலை ஒன்பது மணிக்குத் தீவின் தலைநகரான ஃபுன்ஷாலில் ஹோட்டல் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள், ஒரு மணிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நடுவில் மீனவர் துறைமுகம், இரண்டு பார்வைமுனை (உயரத்தில் நின்று காட்சி பார்க்கும் இடம்), கொஞ்சம் காட்டு மண்பாதை, கடைசியில் ஒயின் ருசிப்பு. வயதானவர்களுடன் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நான்கு மணி நேரத்தை அவர்கள் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

முதலில் காமரா டி லோபோஸ். வண்ணப் படகுகள் கரையேறிக் கிடக்கும் சின்னத் துறை. 1950 ஜனவரியில் சர்ச்சில் இங்கே உட்கார்ந்து படம் வரைந்தார் என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். அங்கே பதினைந்து நிமிடம். அப்புறம் காபோ ஜிராவ். கடலிலிருந்து நேராக 580 மீட்டர் எழும்பி நிற்கும் பாறை முகடு. விளிம்பில் 2012இல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். எங்கள் ஜீப்பில் வந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கீழே வயல் இருக்கு பாரு" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பாறையின் அடியில், கடல் அலை வந்து முட்டும் இடத்துக்கு மேலே, கைக்குட்டையை விரித்துப் போட்டதுபோல் சின்னச் சின்னப் பாத்திகள். மலையிலிருந்து சரிந்த மண் கடலோரம் தங்கி உண்டான திட்டு அது, ஃபஜா என்பார்கள். கேபிள் கார் வருவதற்கு முன் படகில் போய்த்தான் அங்கே பயிர் செய்தார்கள். விளைந்ததைத் திரும்பப் படகில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். அரைமணி நேரம் அந்தக் கண்ணாடிமேல் நின்றோம். ஆனால் வழிகாட்டி அந்தப் பாத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயரம் எவ்வளவு என்பதை மட்டும் மூன்று மொழியில் சொன்னார்.

எனக்கு மனதில் தைத்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். வண்டி எஸ்ட்ரெய்டோ டி காமரா டி லோபோஸ் வழியாக மேலே ஏறியது. மதீராவின் திராட்சை விளைச்சலுக்குப் பேர்போன ஊர் இது. செப்டம்பர் என்றால் அறுவடைக் காலம். ரோட்டின் இரண்டு பக்கமும் மலையைப் படிப்படியாக வெட்டி, கருங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் இருக்கும் மண் சில இடங்களில் நம் வீட்டுத் திண்ணை அகலம்தான். அந்தப் படிகளைப் பொயோ என்கிறார்கள். அதன்மேல் தாழ்வாகப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருந்தார்கள். நம் ஊர்ப் புடலைப் பந்தல் மாதிரிதான், உயரம் மட்டும் குறைவு. உள்ளே இருப்பவர்கள் முதுகை வளைத்துத்தான் நிற்க வேண்டும். பந்தலுக்கு அடியில் உள்ள நிழல் மண்ணையும் விடாமல் முட்டைக்கோஸும் உருளையும் போட்டிருந்தார்கள். ஒரு குடும்பமே குனிந்தபடி கறுப்புத் திராட்சையை வெட்டிப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுப்பா" என்றார் அம்மா.

சொன்னேன். ஓட்டுநர் நல்ல பையன். வளைவுகளில் அவ்வளவு நிதானமாக ஓட்டினான், கடைசியில் ஒயின் பக்கமே போகவில்லை. "மேலே இதைவிட நல்ல காட்சி இருக்கிறது, நேரம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த அட்டவணைப்படி அவன் ஓட்டினான். அந்தச் சரிவைக் கடக்க எங்களுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மேலே போனோம். யூகலிப்டஸ் காட்டு மண்பாதையில் வண்டியைக் குலுக்கி எடுத்தார்கள். கூரை திறந்த ஜீப்பில் எழுந்து நின்று போகலாம். எங்கள் மகனுக்குக் கொண்டாட்டம். (குழந்தைகளோடு போகிறவர்கள், மண்பாதையில் மெதுவாகப் போகும்போது மட்டும் நிற்க விடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் உட்கார வைத்து பெல்ட் போடுங்கள், யார் என்ன சொன்னாலும்.) பிறகு போகா டோஸ் நமொராடோஸ் என்ற பார்வைமுனை. கீழே கிண்ணம்போல ஒரு பள்ளத்தாக்கு, அடியில் ஒரு கிராமம். 1566இல் கடற்கொள்ளையர் ஃபுன்ஷாலைச் சூறையாடியபோது சாந்தா கிளாரா மடத்துக் கன்னியாஸ்திரீகள் ஓடி ஒளிந்த இடம். அழகில் குறையே இல்லை. அங்கே அரைமணி.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். மதீராவில் நாம் காட்சி என்று காசு கொடுத்துப் பார்ப்பதில் பாதிக்கும் மேல் மனிதர்கள் கட்டியது. 1419இல் போர்த்துகீசியர்கள் வந்தபோது அங்கே ஆட்களே கிடையாது, முழுக்கக் காடு. மதீரா என்ற சொல்லுக்கே மரம் என்றுதான் பொருள். தெற்குச் சரிவு வெயில் படும் சரிவு, பயிருக்கு நல்லது, ஆனால் தண்ணீர் போதாது. வடக்குப் பக்கம் கடல் காற்று மோதி மேகமும் மழையும் கொட்டும், ஆனால் விளையும் இடம் குறைவு. அதனால் வடக்கிலிருந்து தெற்குக்கு மலையைக் குடைந்தும் பாறை விளிம்பைச் செதுக்கியும் வாய்க்கால் கொண்டுவந்தார்கள். அதுதான் லெவாடா. இன்றைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தீவின் நீளமோ அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. 15ஆம் நூற்றாண்டில் கரும்புக்காக ஆரம்பித்த வேலை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கானரித் தீவுகளிலிருந்தும் பிடித்துவந்த அடிமைகளின் உழைப்பும் அதில் இருக்கிறது. செங்குத்துப் பாறையில் கயிற்றில் கூடை கட்டித் தொங்கவிட்டு, கூடைக்குள் உட்கார்ந்து ஆட்கள் கல் உடைத்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

அப்புறம் அந்தச் சுவர்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. மதீராவில் கொலோனியா என்று ஒரு குத்தகை முறை இருந்தது. மண் நிலக்காரருக்குச் சொந்தம். அதன்மேல் குடியானவர் கட்டிய சுவர், வைத்த கொடி, போட்ட குடிசை எல்லாம் குடியானவருக்குச் சொந்தம். விளைச்சலில் பாதி நிலக்காரர் வீட்டுக்குப் போய்விடும். மேல்வாரம், குடிவாரம் என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். போர்ச்சுகலில் சர்வாதிகாரம் விழுந்து, தீவு 1976இல் தன்னாட்சி பெற்ற பிறகு, 1977இல்தான் இந்த முறையைச் சட்டம்போட்டு ஒழித்தார்கள். அதாவது நாம் ஜீப்பில் கடந்துபோகும் அந்தச் சுவரை அடுக்கியவருக்கு அந்தச் சுவர் மட்டும்தான் சொந்தம், அது தாங்கிப் பிடித்திருந்த மண் சொந்தம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மலை வேறு மாதிரி தெரிகிறது. இதைச் சொல்ல வழிகாட்டிக்கு ஐந்து நிமிடம் போதும்.

கடைசியில் ஒயின். ஒரு கடையின் பின்கட்டில் மேசை போட்டு ஆளுக்கு மூன்று சின்னக் கிளாஸ். "டிரை, மீடியம், ஸ்வீட்" என்று சொல்லி ஊற்றிவிட்டு, அடுத்த ஜீப்புக்காரர்கள் வருகிறார்கள் என்று பாட்டில் விலைப்பட்டியலைக் கொடுத்தார்கள். மொத்தம் இருபது நிமிடம். நம் ஆட்கள் பலருக்கு இந்த ருசிப்பு என்றால் ஒன்று கூச்சம், இல்லாவிட்டால் காசு கொடுத்தாயிற்றே என்று மூன்றையும் ஒரே மடக்கில் முடித்துவிடுவது. இரண்டும் வேண்டாம். மதீரா ஒயினில் ஆல்கஹால் 17 முதல் 22 சதவீதம் வரை போகும், சாதாரண ஒயின் மாதிரி நினைத்துக் குடித்தால் அடுத்த வளைவிலேயே தலை சுற்றும். குடிக்காதவர்கள் முகர்ந்து பார்த்தாலே போதும், பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

அம்மா இனிப்புக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். "கருப்பட்டிப் பாகு அடிப்பிடிச்ச வாசம்" என்றார். எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அது நிஜமாகவே சூடு பட்ட வாசம். மற்ற ஒயினெல்லாம் சூடு பட்டால் கெட்டுப்போகும். மதீரா ஒயினை வேண்டுமென்றே சுட வைக்கிறார்கள். மலிவான ரகம் என்றால் தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம். உயர்ந்த ரகம் என்றால் பீப்பாயை வெயில் இறங்கும் பரண்மேல் அடுக்கி வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இதைக் கற்றுக்கொடுத்தது கடல்தான். பழைய காலத்தில் ஒயின் கெடாமல் இருக்கச் சாராயம் கலந்து கப்பலில் ஏற்றினார்கள். வெப்ப மண்டலக் கடலைத் தாண்டி, விற்காமல் திரும்பி வந்த பீப்பாயைத் திறந்தால் போனபோது இருந்ததைவிட ருசி கூடியிருந்தது. பிறகு அதற்காகவே பீப்பாய்களைக் கப்பலில் சுற்றிவர அனுப்பினார்கள். வின்யோ ட ரோடா என்று அதற்குப் பெயர், போய்த் திரும்பிய ஒயின். இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பல மதீராவில் நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டு வந்தன. மெட்ராஸ் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் மேசையில் இருந்தது இந்த ஒயின். நம் கடலின் சூடும் அதன் ருசியில் கலந்திருந்தது என்று அந்த மேசையில் யாராவது சொல்லியிருந்தால் அம்மா அந்தக் கிளாஸை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார்.

சரி, என்ன செய்யலாம்? சுற்றுலா நடத்துபவர்களே, இரண்டு பார்வைமுனையில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்த அரைமணியை ஒரு திராட்சைப் படிக்குக் கொடுங்கள். வருபவர்கள் பந்தலுக்கு அடியில் குனிந்து நுழையட்டும், சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும், வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று கேட்கட்டும். வரும் ஆட்களுக்காக அந்த விவசாயிக்கு ஒரு தொகை கொடுங்கள். அங்கே ஒயின் செய்யும் கம்பெனிகள் கொஞ்சம்தான். அவற்றுக்குத் திராட்சை கொடுப்பவர்கள் துண்டு துண்டாக நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அந்தப் படிகளில் எந்திரம் ஏறாது, எல்லாம் கை வேலை. கொடியை விட்டுவிட்டு அவர்கள் பிழைக்க வேறு இடம் போய்விட்டால் சுவர் சரியும், மண் கடலுக்குப் போகும், நாம் படமெடுக்கும் காட்சியும் அதோடு போய்விடும். சுற்றுலா நடத்துபவர்களின் சொந்த நலனுக்கே இது நல்லது.

போகிற நம்மவர்களும் முன்பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள். "எத்தனை பார்வைமுனை?" என்பதற்குப் பதிலாக "தோட்டத்தில் இறக்கிவிடுவீர்களா? எவ்வளவு நேரம்?" என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்துப் பேர் கேட்டால் அட்டவணை தானாக மாறும். ருசிப்பில் மூன்று கிளாஸுக்கும் திராட்சையின் பெயரைக் கேளுங்கள். செர்சியல் என்றால் புளிப்புத் தூக்கலாக, இனிப்பே தெரியாது. வெர்டெல்யோ அதற்கடுத்த படி, போவால் இன்னும் இனிப்பு, மால்வசியா முழு இனிப்பு. ஒன்றும் சொல்லாமல் ஊற்றினால் பெரும்பாலும் தின்டா நெக்ரா என்ற கறுப்புத் திராட்சையாக இருக்கும். அது தாழ்ந்தது என்று ஒன்றுமில்லை, தீவில் அதிகம் விளைவது அதுதான்.

நாங்கள் மறுநாள் டவுன் பஸ் பிடித்து எஸ்ட்ரெய்டோவுக்குத் திரும்பப் போனோம், அம்மாவுக்காக. தேவாலயத்துக்கு மேலே கொஞ்ச தூரம்தான் அவரால் நடக்க முடிந்தது. அங்கே முழங்கை அகலத்தில் ஒரு லெவாடா ஓடியது. ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்து இரும்புத் தகட்டைத் தூக்கினார். தண்ணீர் திரும்பி அவர் படிக்குள் இறங்கியது. அம்மா அவரைப் பார்த்து, கையாலேயே மடை திறப்பதுபோல் காட்டினார். அவர் சிரித்தார், தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இவ்வளவு நேரம் என் முறை என்று அர்த்தம். அங்கே தண்ணீரை மணிக்கணக்கில்தான் பங்கு வைக்கிறார்கள். முறை ராத்திரியில் வந்தால் லாந்தரோடு எழுந்து போவது பழைய வழக்கம்.

அம்மா இப்போது ஊருக்குப் போய்விட்டார். கண்ணாடித் தளத்தில் எடுத்த படங்களைக் கேட்கவே இல்லை. வாய்க்கால் படத்தை மட்டும் அனுப்பச் சொன்னார். எங்கள் கண்மாய்க்கு நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுபவராக, இருந்தவரின் மகனிடம் அதைக் காட்டினாராம். அவர் போனைக் கையில் வாங்கி, தகடு இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரி முறையும் உண்டா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.