சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு மோசடிப் புகார் எண் 997 தெரியுமா?

நம் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில் (வாட்ஸ்அப்) நேற்று நடந்த கூத்து உங்களுக்கெல்லாம் தெரியும். போலிக் குறுஞ்செய்தியை நம்பி அட்டை விவரம் கொடுத்து, நம் அக்கா ஒருவர் பணத்தை இழந்தார். அவர் பெயர் வேண்டாம். பணம் போனதைவிட, அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இன்னுமா இதை நம்புறாங்க" என்று ஒருவர். "பேராசை" என்று இன்னொருவர்.

எது பேராசை? உங்கள் பரிசுப் புள்ளிகள் இன்றோடு காலாவதி என்று ஒரு குறுஞ்செய்தி. தொலைபேசி நிறுவனத்தின் பெயரிலேயே, வழக்கமான செய்திகள் வரும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. இணைப்பு உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கச் சொல்லி மலேசியத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி 2023-இலேயே உத்தரவு போட்டதே, அப்புறம் எப்படி வந்தது? போலி அலைபரப்பியைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அக்கம்பக்கத்துக் கைப்பேசிகள் அதை நிஜக் கோபுரம் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். நிறுவனத்தின் வழியாக வராத செய்தியை நிறுவனம் எப்படித் தடுக்கும்? அனுப்புநர் பெயரையும் இஷ்டத்துக்குப் போடலாம்.

ஆகவே, "பேரைப் பார்த்தாலே தெரியாதா" என்ற மேதைகளே, தெரியாது. என்ன கேட்கிறது என்று பாருங்கள். இணைப்பைத் தட்டு, இன்றே செய், அட்டை எண் கொடு, ஓடிபி கொடு, ஏபிகே (செயலி நிறுவும்) கோப்பை இறக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

"செமாக் மியூலில் பார்த்திருக்கலாமே" என்றார் ஒரு தம்பி. அது பணம் போடும் முன் கணக்கு எண்ணைச் சோதிக்கிற தளம் ஐயா. போலிப் பக்கத்தில் அட்டை விவரம் கொடுத்தவருக்கு எந்தக் கணக்கு எண் தெரியும்?

சிரிக்காதீர்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஆட்கள் வாயே திறப்பதில்லை. கிள்ளானில் என் சித்தப்பா இப்படி மாட்டியபோது சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. வார இறுதி முழுக்கச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். விஷயம் வெளியே வந்தபோது பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போய்விட்டது. அன்றே வங்கிக்கோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-க்கோ அழைத்திருந்தால் ஒரு பகுதியாவது நின்றிருக்கலாம். 2022-இல் அந்த மையத்தை அமைத்ததே இதற்குத்தான், பணம் கைமாறும் முன் மறிக்க. அதற்குத் தேவை வேகம். வெட்கம் அந்த வேகத்தைத்தான் தின்கிறது. நேற்று அத்தனை பேர் எழுதினீர்களே, ஒருவராவது "997-க்குக் கூப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டீர்களா?

அவரவர் பணத்துக்கு அவரவர்தான் பொறுப்பு என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வங்கி திருப்பித் தர வேண்டுமா என்பது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் பொறுப்பைப் பற்றி யார் பேசுவது? உங்களில் எத்தனை பேர் வீட்டு எஸ்டிஆர் (அரசு உதவித்தொகை) மனுவை அந்த அக்கா உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்? யாராவது ஒரு வெள்ளி கொடுத்திருப்பீர்களா? அவரும் கேட்டதில்லை. அப்போதெல்லாம் அவர் விவரமானவர், இல்லையா?

நேற்று இரவே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். இன்று காலை ஒருவர், பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசப் பந்தல் கணக்கை இனி யார் பார்ப்பது என்று என்னிடம் கேட்கிறார். போய் அவர் வீட்டு வாசலில் நின்று கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.