ஆடிய கால் சும்மா இருக்கட்டுமே

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஜேசன் ஆரஞ்ச் விஷயத்தில் அது பொய்த்துப்போய் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்கு மனசு வரவில்லை.

பெயர் சட்டென்று பிடிபடாதவர்களுக்கு: டேக் தட் என்ற பிரிட்டிஷ் பாய் பேண்டின் (பாடி ஆடும் பையன்களின் பாப் குழு) ஐந்து பேரில் ஒருவர். கேரி பார்லோ பாட்டு எழுதுகிறவர். ராபி வில்லியம்ஸ் முறுக்கிக்கொண்டு வெளியே போய் மற்ற எல்லாரையும்விடப் பெரிய நட்சத்திரம் ஆனவர். மார்க் ஓவனுக்கு அந்தக் குழந்தை முகம். ஜேசனும் ஹோவர்டு டொனால்டும் ஆட்டக்காரர்கள். 2014 செப்டம்பரில், 44 வயதில், யாரோடும் சண்டை இல்லை, இனிமேல் இதைச் செய்ய விருப்பமில்லை என்று ஓர் அறிக்கை விட்டுவிட்டு ஜேசன் கிளம்பினார். தனி ஆல்பம் கிடையாது. பழைய கதைகளை விற்கும் சுயசரிதை கிடையாது. ரியாலிட்டி ஷோவில் நடுவர் நாற்காலியும் கிடையாது. போனவர் போனவர்தான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏன் துக்க வீட்டுக் குரலில் எழுதுகிறார்கள்? எப்போதாவது யாரோ தெருவில் வைத்து எடுத்த படம் ஒன்று வெளியாகும். தாடி வைத்திருந்தால் “ஆளே அடையாளம் தெரியவில்லை”. தனியாக நடந்துபோனால் “தனிமையில் வாடும் முன்னாள் நட்சத்திரம்”. ஐம்பதைத் தாண்டிய மனிதர் இருபது வயது போஸ்டர் மாதிரியே இருந்தால்தான் ஐயா செய்தி!

புகழைத் தாங்க முடியாமல் ஓடிப்போனார் என்று சொல்கிறவர்களுக்கு இவருடைய பாதி வாழ்க்கை தெரியவில்லை. மான்செஸ்டர்காரர், 1970-இல் பிறந்தவர், இரட்டையரில் ஒருவர். பள்ளியை விட்டதும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார். ராத்திரியில் பிரேக் டான்ஸ். எண்பதுகளின் மான்செஸ்டரில் அந்த ஆட்டத்துக்கென்று கோஷ்டிகள் இருந்தன, போட்டி இருந்தது, தெருவில் பெயர் இருந்தது. அப்படித்தான் பின்னிரவு டிவி நிகழ்ச்சி ஒன்றில் ஆடும் வாய்ப்பு வந்தது. அமெரிக்காவில் நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் என்ற பாய் பேண்ட் சக்கைபோடு போட்டுக்கொண்டிருந்த நேரம். அதற்கு உள்ளூரில் ஒரு பதில் வேண்டும் என்று நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்ற மேனேஜர் 1990-இல் ஐந்து பேரைச் சேர்த்தார். ராபிக்கு அப்போது 16 வயது. ஜேசனுக்கு 20. அதாவது, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு வந்தவர். பின்னால் அவர் எடுத்த முடிவில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மேடைக்கு வெளியேயும் வாழ்க்கை ஓடும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

டேக் தட்டின் முதல் ஆட்டம் 1996 பிப்ரவரி 13-இல் முடிந்தது, குழு கலைந்தது. ராபி அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார். (அந்த 13-ஆம் தேதி ராபியின் பிறந்தநாள் என்பது விதி செய்த குறும்பு.) அழுது தவித்த ரசிகைகளுக்காக பிரிட்டனில் தொலைபேசி உதவி எண்களே திறந்தார்கள். அந்த அழுகையைக் கேலி செய்வது சுலபம், நான் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஐந்து பையன்களுக்கு யார் உதவி எண் திறந்தார்கள்? காதலி இருந்தாலும் வெளியே காட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருபதுகளைக் கழித்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு ஜேசன் கொஞ்சம் நடித்துப் பார்த்தார், ஒரு டிவி தொடர், லண்டனில் ஒரு நாடகம். அப்புறம் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். பத்திரிகைகள் சீந்தவில்லை.

அப்புறம்தான் திரும்பி வந்தார். இதைத்தான் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2005-இல் ஓர் ஆவணப்படம், 2006-இல் ராபி இல்லாமல் நால்வராகச் சுற்றுப்பயணம், அதே வருஷம் ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ ஆல்பம். 2010-இல் ராபியும் சேர்ந்துகொண்டார். 2011-இல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் மட்டும் எட்டு இரவுகள். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் உலகமே பார்க்க ஜேசன் நின்றார். ஒன்பது வருஷம் முழுசாகச் செய்துவிட்டுத்தான் போனார். அதுவும் அடுத்த ஆல்பம் வரப்போகிற நேரத்தில். இதற்குப் பெயர் தோல்வி என்றால் வெற்றிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

காசைப் பற்றியும் பேசிவிடுவோம். இந்தத் தொழிலில் மேடையில் எத்தனை பேர் வியர்த்தாலும், பாட்டு எழுதினவருக்குத்தான் ராயல்டி காலத்துக்கும் வரும். தொண்ணூறுகளில் டேக் தட் பாட்டுகளில் பெரும்பாலானவை பார்லோ எழுதியவை. ஆடினவர்களுக்கு அந்தப் பங்கு இல்லை. இரண்டாவது முறை கூடியபோது அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள்: ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ பாட்டுகளில் நால்வர் பெயரும் எழுதியவர்களாக இருக்கிறது. மேடையில் பின்வரிசையில் நின்ற ஜேசனே அதில் ஒரு பாட்டை முன்னால் வந்து பாடியும் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இப்படி ஒரு பங்கு இருக்கிறவருக்குத்தான் எளிதில் வாய்க்கும். பங்கே இல்லாமல் பழைய புகழை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடிக்கொண்டிருக்கும் எத்தனையோ முன்னாள் ‘பையன்’களைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள், நியாயம் இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். பாய் பேண்ட் ஆட்களுக்கென்று நாம் நாலைந்து கதைகள் தயாராக வைத்திருக்கிறோம். முறைத்துக்கொண்டு போய் ஜெயித்தவன். போதையில் விழுந்து எழுந்தவன். தனியாகப் போய்த் தோற்றவன். கடைசியில் எல்லாரும் கட்டிப்பிடித்து ஒன்றுசேரும் மேடை. ராபி இதில் மூன்றையாவது தன் வாயாலேயே நமக்குச் சொல்லிவிட்டார், அதனால் அவரை நமக்குப் புரிகிறது. ஜேசன் எந்தக் கதையிலும் உட்காரவில்லை. நல்ல மனநிலையில் இருந்த ஒருவர், நல்ல சம்பளம் வந்த வேலையை, யாரையும் திட்டாமல் விட்டார். இதில் திருப்பம் இல்லை, கண்ணீர் இல்லை. அதனால் நாமே ஒரு சோகத்தை ஒட்டவைக்கிறோம்.

பார்லோ, ஓவன், டொனால்டு மூவரும் இன்றும் டேக் தட் என்ற பெயரிலேயே பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேடியங்கள் நிறையத்தான் செய்கின்றன. ஆனால் பேட்டிக்கு உட்கார்ந்தால் “ஜேசன் எப்போது வருவார்?” என்ற கேள்வி வராமல் போவதில்லை. அந்தக் கேள்விக்கு 2014-லேயே சம்பந்தப்பட்டவர் பதில் சொல்லிவிட்டார். ஒருநாள் அவருக்கே ஆசை வந்து மேடையேறினால் நானும் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அதுவரை அந்த மூவரிடம் அவர்களுடைய புதுப் பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.