150 மணி நேரம், 150 நிமிடம்

என் மகள் அவள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். இந்த வருஷ சீசன் போன வாரம் முடிந்தது. சீசன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மொத்தமே இரண்டு நாள்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரம் பார்ப்பவன். மூட்டைக் கணக்குப் போட்டே பழகிய கை இதற்கும் ஒரு கணக்குப் போட்டது. ஜூன் நடுவில் பயிற்சி ஆரம்பம். 15 வாரம், வாரத்துக்கு 5 நாள், காலையில் 2 மணி நேரம். ஆக 150 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓடியதைச் சேர்க்கவில்லை. போட்டியில் ஆடியது 3 மேட்ச். கால்பந்து என்றால் 90 நிமிடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே பாதிக்கு 25 வீதம் 50 நிமிடம்தான், ஒரே நாளில் இரண்டு சுற்று முடிக்க வேண்டுமே. மூன்றும் சேர்த்து 150 நிமிடம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு நிமிட ஆட்டம். மரவள்ளிக் கிழங்கில்கூட இதைவிட நிறைய மாவு தேறும்.

காலை ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்தார்கள். இவளுக்குப் பந்தைத் தொடும் வேலையே அதிகம் இல்லை. மதியம் அரையிறுதி கோல் இல்லாமல் முடிந்து டைபிரேக்கருக்குப் போனது, அதாவது மாறி மாறிப் பெனால்டி அடிப்பது. கோல் போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு. என் மகள் ஐந்தடி இரண்டு அங்குலம். எதிரணியின் மூன்றாவது பெண் அடித்த பந்தை வலது பக்கம் பாய்ந்து தட்டி விட்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். அப்போது விசில். பக்கத்தில் நின்ற உதவி நடுவர் கொடியைத் தூக்கியிருந்தார். பந்தை உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டுமாம். இவள் இரண்டு காலும் முன்னால் வந்துவிட்டாள். திரும்ப அடிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை பந்து இடது மூலையில் போய் விழுந்தது. 4-3 என்று தோற்றோம்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். பேசாமல் தின்றாள். அப்புறம் சொன்னாள்: "ப்ராக்டிஸ்ல எப்பவுமே அப்படித்தான்ப்பா குதிப்பேன். யாரும் தப்புன்னு சொல்லலையே."

யார் சொல்வது? பி.டி. மேடம் ஒருத்தரேதான் விசில் ஊத, வருகை எடுக்க, முட்டி பேர்ந்தவளுக்கு ஸ்ப்ரே அடிக்க. கோட்டில் நின்று காலைப் பார்க்க ஒரு நடுவர் வேண்டும். அவர் மேட்சில்தான் கிடைப்பார். மேட்ச்தான் கிடையாதே. என் ஒரே புகார் இதுதான்.

நாக்-அவுட்டில் 8 அணி வந்தால் 4 அணி முதல் ஆட்டத்தோடு வீட்டுக்கு. தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு அணி விடியற்காலை நாலு மணிக்கு வேன் ஏறி வந்தது. பத்தரைக்குத் தோற்று, வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேன் ஏறிவிட்டது. அவர்களுக்கு இந்த வருஷம் 50 நிமிடம். அதே 8 அணியை, எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறையில் ஆடவிட்டால் ஒவ்வொருவருக்கும் 7 மேட்ச். மொத்தம் 28 மேட்ச், செலவுக்கு யார், செமஸ்டர் என்னாவது என்பார்கள். சரி, எட்டு வேண்டாம். சேலத்துக்குள்ளேயே டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நாலு கல்லூரி சேர்ந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. இரண்டு பஸ் டிக்கெட், ஒரு பந்து. இதற்குக் கோப்பை, மேடை, சிறப்பு விருந்தினர், சால்வை எதுவும் தேவையில்லை. (சால்வைக்கு ஆகும் செலவில் நடுவருக்குக் கொடுத்துவிடலாம்.)

நம் பெண்களுக்கு ஆட வராது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தேசிய சீனியர் பெண்கள் கோப்பையைத் தமிழ்நாடு 2018-ல் கட்டாக்கிலும் 2023-ல் அமிர்தசரஸிலும் வாங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. கடலூர் இந்துமதி இந்திய அணிக்கு ஆடியவர். இவர்கள் எல்லாம் வருஷத்துக்கு மூன்று மேட்ச் ஆடி அங்கே போகவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. முதல் வருஷம், வெயிலில் கருத்துப் போவாள் என்று என் அம்மா சொன்னபோது தலையாட்டியவன்தான். கோல்கீப்பர் கையுறை வாங்கித் தரக் கேட்டபோது, வெறுங்கையில் பிடித்தால் ஆகாதா என்று கேட்டவன்.

அணியின் கேப்டன் பெண்ணுக்கு இது கடைசி வருஷம். முதல் வருஷம் ஒரு மேட்ச், அடுத்த வருஷம் இரண்டு, இப்போது மூன்று. அவள் கல்லூரிக் கால்பந்து மொத்தமும் ஆறு மேட்ச். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஒரு கோல் போட்டு ஜெயிக்க வைத்தாள். மெடலைக் கழற்றி என் மகள் கழுத்தில் மாட்டிவிட்டு அழுதாள். மார்ச்சில் வளாக நேர்காணல், அப்புறம் வேலை.

இதைப் படிக்கும் பி.டி. யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தங்கள் மைதானத்தையும் அணியையும் தரத் தயார் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கோடு போட சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டை, இரண்டு அணிக்கும் மோர், நடுவருக்கான பணம் என் பொறுப்பு. அந்தக் கேப்டன் மார்ச் வரை ஊரில்தான் இருக்கிறாள்.