மின்முனை சுட்டால் போதும், தண்ணீர் சுட வேண்டியதில்லை
தண்ணீரில் கரைந்த ஈயம் போன்ற உலோகங்களை மின்சாரத்தால் அளக்க, நீரில் அமிழ்த்தும் மின்முனையை (எலக்ட்ரோடு) மட்டும் சூடாக்கும் முறை ஒன்று உண்டு. 'மின்முனையைச் சூடாக்குவதும் மாதிரி நீரைச் சூடாக்குவதும் ஒன்றுதான், ராமநாதபுரம் போல வெயில் கொளுத்தும் கடற்கரைக்கு இது தேவையே இல்லை' என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணையில் தண்ணீர் சோதனை பார்க்கிறவன் நான். மாதிரியை மொத்தமாகச் சூடாக்கினால் கரைந்த ஆக்சிஜன் வெளியேறிவிடும், ஆவியாகி உப்பு ஏறும், அப்புறம் அளப்பது குளத்துத் தண்ணீரையே அல்ல. 1990களில் ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் பீட்டர் கிரூண்ட்லர் குழு வளர்த்தெடுத்த முறையில், முடியைவிட மெல்லிய பிளாட்டினம் அல்லது தங்கக் கம்பியையே மின்முனையாக வைத்து, அதில் உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டம் பாய்ச்சுவார்கள். கம்பியும் அதை ஒட்டிய நீர்ப்படலமும் மட்டுமே சுடும். கடல்நீர் 30 டிகிரியில் இருந்தாலும் கம்பி 70 டிகிரிக்குப் போனால், அந்த வித்தியாசத்தில் சூடான நீர் மேலே எழும்ப, புது நீர் உள்ளே வரும். ஈயம், காட்மியம் எல்லாம் கம்பியில் வேகமாகச் சேரும், அளக்கும் மின் சிக்னலும் கூடும். அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் 'சூடாக்குவதற்குப் பதில் நீரைக் கலக்கிவிட்டால் போதாதா' என்று கேட்டிருக்கிறார். போதும்தான், ஆனால் ஒரு சொட்டு மாதிரிக்குள் கலக்கியை எங்கே போடுவது? எங்கள் தலைவலி வேறு: குளத்திலேயே தொங்கும் ஆக்சிஜன் மீட்டர் முனையில் பாசி வழவழவென்று படியும், ரீடிங் தானாக இறங்கும். அதற்கு இந்தச் சூடெல்லாம் உதவாது, பழைய டூத் பிரஷ்தான்.