பை தைத்தவன் சோம்பேறி இல்லை

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்கா கூட்டத்துப் பேச்சு உங்கள் போனுக்கும் வந்திருக்கும். எனக்கு ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். "நாடே எழுந்து ஓடுகிறது, இன்னும் கொரோனாவைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு உழைக்க மனசில்லை." அந்த வரிக்குத்தான் பலத்த கைதட்டல். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. நம்ம ஊர்க்காரர், வயதில் பெரியவர். ஆனால் அந்தக் கைதட்டல் விழுந்தபோது நான்காவது வரிசையில் என் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

நாடு எழுந்தது உண்மை. ஆனால் நாடு என்பது ஒரே ஆள் இல்லை. ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு ஆழத்தில் விழுந்தது, எழுந்ததும் அப்படித்தான்.

அரசாங்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 24.4% சுருங்கியது. அடுத்த வருஷம் அதே காலாண்டில் 20.1% வளர்ந்ததாக 2021 ஆகஸ்ட் கடைசியில் அறிவித்தார்கள். இருபத்துநாலு போனது, இருபது திரும்பி வந்தது, பாக்கி நாலுதானே என்று என் ஆபீஸிலேயே பேசினார்கள். கணக்கு அப்படி இல்லை. 100 ரூபாய் 75 ரூபாய் 60 காசாகிவிட்டது. அதன்மேல் 20% ஏறினால் 91 ரூபாய்கூட முழுசாக வராது. அதாவது 2019-இல் இருந்த இடத்துக்கு அப்போதும் 9 ரூபாய் குறைவு.

அந்த 91-ஐயும் பிரித்து, ஒவ்வொரு தொழிலுக்கும் 2019-ஐ 100 என்று வைத்துப் பாருங்கள். விவசாயம் இரண்டு வருஷமும் விழவே இல்லை. தொழிற்சாலை உற்பத்தி 96 வரை வந்துவிட்டது. கட்டுமானம் 85. வியாபாரம், ஓட்டல், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த பிரிவு 48% விழுந்து 34% எழுந்தது. 34% வளர்ச்சி என்றால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! போட்டுப் பார்த்தால் 70தான். ஒரே நாடு, ஒரே வருஷம், ஒருவருக்கு 96, இன்னொருவருக்கு 70. சோம்பேறித்தனம் இதில் எங்கே வந்தது?

அத்தானுக்கு தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை. ஏழு மெஷின், ஒன்பது காரிகர்கள், அதாவது தையல் ஆட்கள், எல்லாரும் பீகார்ப் பையன்கள். ஸ்கூல் பைக்கு வருஷத்தில் ஒரே சீசன்தான். ஹோலி முடிந்து தைக்க ஆரம்பித்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்து மொத்தக் கடைகளுக்குச் சரக்கு போய்விட வேண்டும். 2020-இல் ஹோலிக்கு ஊருக்குப் போன பையன்கள் திரும்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள். பரணில் ஆயிரத்து நானூறு பை. அந்த ஜூனில் ஸ்கூல் திறக்கவில்லை. 2021 ஜூனிலும் திறக்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் நான்தான் மேலே ஏறி ஒரு கட்டைப் பிரித்தேன். ரெக்சின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஒரு பையின் பொம்மைப்படம் அடுத்த பையின் முதுகோடு உரிந்து வந்தது. அக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை தேறும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் மேடை ஏறக் கூடாது. கார் வாங்க நினைத்தவன் ஒரு வருஷம் தள்ளி வாங்கினான், கார் கம்பெனிக்கு அந்த விற்பனை திரும்ப வந்தது. ஸ்கூலுக்குப் போகாத வருஷத்துக்கும் சேர்த்து எந்தப் பிள்ளைக்கும் இரண்டு பை வாங்குவதில்லை. தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தோடு கிளம்புகிற நம்ம ஆட்களிடம், லாக்டவுனில் சாப்பிடாத இட்லியையும் சேர்த்து இன்றைக்கு யாரும் சாப்பிடப் போவதில்லை. போன சீசன் போனதுதான்.

இதே மும்பையில் இன்னொரு பக்கம் என்ன நடந்தது? 2020 மார்ச் 23-இல் 25,981-க்கு இறங்கிய பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், 2021 ஜனவரி 21-இல் ஐம்பதாயிரத்தைத் தொட்டது. பத்தே மாதம். அன்றைக்கு அத்தானைப் போன்ற சாதாரண ஆளுக்கு லோக்கல் ரயிலில் ஏறவே அனுமதி இல்லை. பிப்ரவரி 1-இல்தான் விட்டார்கள், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபீஸில் சம்பளத்தை வெட்டினார்கள், எட்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து வேலை, ரயில் பாஸ் செலவு மிச்சம். நான் அத்தானைவிட அதிகம் உழைத்ததாகச் சத்தியமாகச் சொல்ல முடியாது.

"அரசாங்கம் கடன் கொடுத்ததே" என்பார்கள். மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம்தானே? ஏற்கெனவே வங்கியில் இருக்கும் கடன் பாக்கியில் 20% கூடுதலாகத் தந்த திட்டம் அது. அத்தான் வாழ்நாளில் வங்கிக் கடன் வாங்கியதில்லை, கடனில்லாமல் தொழில் நடத்துகிறேன் என்பதுதான் அவருக்குப் பெருமை. பூஜ்யத்தில் இருபது சதவீதம் எவ்வளவு? அக்காவின் தாலிச் சங்கிலிதான் அடகுக்குப் போனது.

"அதே சந்தில் ஒருத்தன் லேப்டாப் பைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டானே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி, பிழைத்தான், சந்தோஷம். அவனிடம் கைக்காசு இருந்தது. அத்தானும் சும்மா இருக்கவில்லை, மாஸ்க் தைத்தார், தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றார். ஐம்பத்தொரு வயதில்.

"மொத்தக் கணக்கு எப்போதோ பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது" என்று அடுத்து வருவீர்கள். தாண்டிவிட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் விழுந்த அதே ஆள்தான் எழுந்து தாண்டினான் என்று யார் சொன்னது? இன்றைக்கும் பிள்ளைகள் புதுப் பை மாட்டிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போகிறார்கள். அதை வேறு யாரோ தைக்கிறார்கள். அத்தானின் ஏழு மெஷினில் ஐந்து விற்றாகிவிட்டது. பழைய காரிகர்களில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள்.

எனக்கு வலிப்பது கணக்கு தப்பானது மட்டும் இல்லை. அந்தப் பெரியவர் தேர்தலில் நின்றபோது அக்கா வீட்டில்தான் மூன்று நாள் சமையல். அத்தான்தான் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட்டம் முடிந்து சயானுக்கு நடந்தே வந்தோம், வழியெல்லாம் அத்தான் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மாப்ளே, நான் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருப்பாரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காணொளியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இனி யாரும் போடாதீர்கள். அக்கா இன்னும் அதைப் பார்க்கவில்லை.