ஒருமுறை டியூப் கட்டினால் ஆயுசுக்கும் டியூப்தான்

கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு ரிப்பேர் பார்க்கிறவன் நான். "அண்ணே, நீங்க எதை வச்சும் எதையும் சரி பண்ணிடுவீங்க" என்று யாராவது சொன்னாலே இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த வரி என்னவென்று தெரியும்: சாமான் வாங்கக் காசு கிடையாது.

ஒரு படகில் பெடல் தண்டு ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கிற கிளாண்ட் கயிறு கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றார்கள் ஆபீசில். டிக்கெட் வாங்கின கூட்டம் கரையில் நிற்கிறது, என்ன செய்ய? பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி, கிரீஸ் தடவி, இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கினேன். கசிவு நின்றது. கிளாண்ட் கயிறு பேச்சும் அன்றோடு நின்றது. தண்டு சுற்றச் சுற்ற அந்த ரப்பர் தேய்ந்து உதிரும். மறுபடி குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவுவது யார்? ஆபீசில் உட்கார்ந்து "டியூப் நல்லாத்தானே இருக்கு" என்கிறவரா?

சுக்கானுக்கு சைக்கிள் பிரேக் கேபிள். செயினுக்கு இரண்டு கிழட்டுச் செயின்களின் ஒட்டு. சரி, அதைக்கூட விடுங்கள்.

ஃபைபர் விரிசல்தான் உயிரை வாங்குகிறது. கண்ணாடி இழை மேட் வெட்டி வைத்து, இறுக வைக்கிற ஹார்டனர் கலந்த ரெசின் பிசினைப் பூசினால் கீழே மதுரையில் சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும். இங்கே ஏழாயிரம் அடி உயரம், மார்கழிக் குளிர், ஈரக்காற்று. மறுநாள் தொட்டாலும் பலாப்பழப் பால் மாதிரி விரலில் ஒட்டும். "ஹார்டனரைக் கூட ஊத்து" என்று ஆளாளுக்கு யோசனை. அளவு மீறி ஊற்றினால் சீக்கிரம் இறுகும், அப்புறம் மொறுமொறுவென்று ஆகி விரிசல் விடும். ரெசின் இறுகத் தேவை சூடு. முன்பெல்லாம் 100 வாட் குண்டு பல்பை ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவோம். இப்போது கடையில் எல்இடிதான்; வெளிச்சம் தரும், சூடு தராது. ஒரு ஹீட்டர் கேட்டேன். சிரித்தார்கள். ஈரம் காயாத விரிசலில் எம்-சீல் பசை அப்பச் சொன்னார்கள். அப்பினேன், உரிந்தது, திட்டும் எனக்குத்தான்.

1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை இந்த ஏரியை உண்டாக்கியபோது மலைக்கு மோட்டார் ரோடே கிடையாது. அப்போதே படகு மேலே வந்து சேர்ந்துவிட்டது. இன்றைக்கு வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ் ஏறுகிறது, ஒரு செயின் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது!

போன தடவை ஒரு ரிப்பேரை 30 ரூபாயில் முடித்தேன், அதுவே இப்போது பட்ஜெட். "அன்னைக்கு 30 ரூபாதானே ஆச்சு?" என் முதுகுவலிக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது?

மே மாதக் கூட்டம் வரப்போகிறது. ஒட்டுச் செயின் போட்ட படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். புதுச் செயினும் கிளாண்ட் கயிறும் கைக்கு வராமல் அது தண்ணீரில் இறங்காது. யார் போன் போட்டாலும் சரி.