கட்டியவர் பெயர் எங்கே?

போன ஞாயிறு என் மகளைத் தாத்தா கட்டிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வாசல் சுவரில் திறப்புவிழாக் கல் இருக்கிறது. திறந்து வைத்த அதிகாரி, கமிட்டித் தலைவர், செயலாளர் எல்லோர் பெயரும் உண்டு. "கொள்ளுத்தாத்தா பெயர் எங்கேப்பா?" என்று கேட்டாள். இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம் இந்தியப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தானாகப் பள்ளி கட்டித் தரவில்லை. நாம் கட்டடச் செலவில் பாதியைத் திரட்டினால்தான் மறுபாதி வரும். ஸ்டேட் எய்டட் ஸ்கூல் என்பார்களே, அதுதான். கரும்புத் தோட்டத்து ஆட்கள் ஷில்லிங் ஷில்லிங்காகப் போட்ட காசு. அந்தக் காசுக்குள் சுவரை எழுப்பிக் கூரை போடுவது காண்டிராக்டர் பாடு.

தாத்தாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. சிமெண்ட், மணல், பலகை, ஆள் கூலி என்று வரிவரியாகப் போகும். கடைசிப் பக்கத்தில், கமிட்டி தர வேண்டிய பாக்கிக்கு நேரே பென்சிலில் "வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். ஆள் கூலியில் மட்டும் ஒரு பென்னி பாக்கி வைக்கவில்லை.

1958-ல், டர்பனில் நம் ஆட்கள் குடியிருந்த கேட்டோ மேனரை வெள்ளையர் மட்டும் குடியிருக்கும் பகுதி என்று அறிவித்தார்கள். அவர் தன் கையால் கட்டிய வீடு போனது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தாராம். "நூல் பிடிக்கலை" என்றவர், அப்புறம் அன்று முழுக்கப் பேசவில்லை என்று அம்மா சொல்வார்.

கோவில் கட்டியவர்களில் சிலர் பெயராவது தங்கியிருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம் பிள்ளையார் கோவில் என்றால் கிறிஸ்டப்ப ரெட்டியைச் சொல்கிறோம். கொத்தனார் ராம்சாமி பிள்ளைக்குத் தொழிலே பெயரோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் கட்டியவர்களை யார் சொல்கிறோம்? காசு கொடுத்தவரைக் கல்லில் வெட்டியது சரி. கல்லை அடுக்கியவரை விட்டது பெரிய தப்பு. கோவில், பள்ளிக் கமிட்டிக்காரர்களே, அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். விசாரிக்கப் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

புதன்கிழமை அந்தப் பள்ளிக்கு மறுபடி போகிறேன். தாத்தா பெயரை மட்டும் கொண்டுபோகவில்லை. கூலிப் பக்கத்தில் இருக்கும் பதினொரு பேரையும் மகள் அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் இரண்டு ஜூலு பெயர்கள்.